கழிவறைக் காலண்டரில் ஒரு பிறந்தநாள்

அத்தியாயம் 5

காலை பத்து மணிக்கு பெர்டில் ஓக்கர்ப்லூம் படியிறங்கி அடித்தளத்துக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே ஹெஸ்டர் கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலை அணைத்தாள்.

மூன்றாவது மாடியில் மானியத் திட்டங்களின் தலைவராக உட்கார்ந்திருக்கும் மனிதர் தானாகக் கீழே வருகிறார் என்றால், ஒன்று சைக்கிள் பஞ்சராகியிருக்க வேண்டும், இல்லை பிழைப்பு பஞ்சராகியிருக்க வேண்டும். அவரிடம் சைக்கிள் கிடையாது.

ஹேக் நகரத்து சர்வதேச விசாரணை மன்றத்தில் உள் விசாரணைப் பிரிவு என்பது இரண்டு மேஜை, ஒரு கெட்டில், இரண்டு பேர். ஹெஸ்டர் தெர்ப்ஸ்ட்ரா துப்பறிவாள். க்ளென் ஜான்கிபெர்சாத் உதவுவான், அதைவிட அதிகமாகப் பேசுவான். உலகக் குற்றவாளிகளை மேல் மாடிகளில் விசாரித்தார்கள். அந்த மாடிகளில் வேலை செய்கிறவர்களை இவர்கள் இருவரும் விசாரித்தார்கள். அதனாலோ என்னவோ, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், ஈர டயர் நாற்றத்தில் இவர்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள்.

"ஒரு ஆளைக் காணோம்" என்றார் பெர்டில்.

"நாலு மணிக்கு மேல இந்தக் கட்டிடத்துல எல்லாரையும்தான் காணோம்" என்றான் க்ளென்.

"எல்மர் ஃபெய்த்தைக் காணோம்."

க்ளென் கையிலிருந்த சீஸ் சாண்ட்விச்சைக் கடித்து நிதானமாக மென்றான். அவன் ஒரு முழு நிமிஷம் பேசாமல் இருந்தது ஹெஸ்டருக்கு அன்றைய முதல் அதிசயம்.

பெர்டில் மூச்சு வாங்க விவரத்தைச் சொன்னார். எல்மர் ஃபெய்த் 'பதில் கடிதத் திட்டம்' என்ற மானியத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர். போரில் காணாமல் போனவர்களின் வீட்டார் மன்றத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். என் அண்ணன் பெயரை விசாரணையில் யாராவது சொன்னார்களா, என் மகனைக் கடைசியாக யார் பார்த்தார்கள் என்று கேட்டார்கள். மன்றம் அந்தக் கடிதங்களையெல்லாம் பத்திரமாகப் பெட்டியில் போட்டு வைத்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நார்வேயின் வடவிளக்கு அறக்கட்டளை ஒரு மானியம் கொடுத்து, ஒவ்வொரு கடிதத்துக்கும் சாட்சியங்களைப் புரட்டிப் பார்த்துப் பதில் எழுதச் சொன்னது. பதில்கள் போயின. இன்னும் அறுநூற்று நாற்பது கடிதங்கள் பாக்கி. மானியம் நாளையோடு முடிகிறது. இரண்டாம் கட்டம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்க அறக்கட்டளையின் மதிப்பீட்டாளர் ரக்னில்ட் இன்று நாலு மணிக்கு வருகிறார். வரைபடம் வேண்டாம், அட்டவணை வேண்டாம், எல்மரோடு அரை மணி நேரம் பேசினால் போதும் என்று எழுதியிருக்கிறார். அதை எல்மருக்கு அனுப்பிய பெர்டிலுக்கு, முதல்முறையாகப் பதில் வரவில்லை.

"பேச முடியலேன்னா?" என்று ஹெஸ்டர் கேட்டாள்.

திட்டம் மூடப்படும் என்றார் பெர்டில். பெட்டிகள் பக்கத்து ஊரான ரைஸ்வைக்கில் உள்ள கிடங்குக்குப் போகும். அந்தக் கிடங்குக்குப் போன எதுவும் திரும்பி வந்ததாக மன்றத்தின் சரித்திரத்தில் இல்லை.

"சரி. ஆள் எப்படி இருப்பார்?"

பெர்டில் கெட்டிலைப் பார்த்தார்.

"நீங்க அவரோட மேலதிகாரி."

"ஆமா."

"மூணு வருஷமா."

"வாராவாரம் கலந்து பேசறோம்னு ஆறு அறிக்கையில போட்டிருக்கேன்."

"போட்டிருக்கீங்க. பேசினீங்களா?"

பெர்டில் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எல்மர் மின்னஞ்சலில் உடனே பதில் போடுவார், வேலையில் குறை கிடையாது, குறை இல்லாதவனைக் கூப்பிட்டு என்ன பேசுவது என்று அவர் நியாயம் சொன்னார். வருஷாந்தர மதிப்பீட்டில் மூன்று முறையும் 'எதிர்பார்ப்பை மிஞ்சியவர்' என்று எழுதியிருந்தார். கடைசி வருஷம் மட்டும் ஒரு ஆலோசனை சேர்த்திருந்தார்: கூட்டங்களில் இன்னும் கொஞ்சம் மனம் திறந்து பேசலாம்.

அவர் போனதும் க்ளென் நாற்காலியில் சாய்ந்தான். முதுகு வலிக்காமலிருக்க அதன் பின்னால் ஒரு மஞ்சள் சட்டையைச் சுருட்டி வைத்திருந்தான். "பாஸ், இது விசாரணையே இல்ல. ஆவி பிடிக்கிற வேலை. விட்டுடுவோம்."

"அறுநூத்தி நாற்பது வீட்டுல தபாலுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க, க்ளென்."

அவன் சாண்ட்விச் காகிதத்தை நான்காக மடித்துக் குப்பையில் போட்டு எழுந்தான்.

ஐந்தாவது மாடிப் பணியாளர் பிரிவில் பெர்பெதுவா ஓதேரா கணினியில் தேடி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி தேடினாள். எல்மர் ஃபெய்த்துக்குக் கோப்பு இல்லை. அந்தப் பதவி இருக்கிறது. ஆள் இன்னும் எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு அவள் விதியை வாசித்துக் காட்டினாள். இந்தப் பதவிக்கான நேர்காணல் குழுவில் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் கட்டாயம் இருக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் இல்லாததால் குழு கூடவில்லை. குழு கூடாததால் ஒருங்கிணைப்பாளர் இல்லை.

"மூணு வருஷத்துல இது யாருக்கும் தோணலையா?"

"தோணுச்சே. ரெண்டு தடவை கூட்டம் போட்டோம். ஒருங்கிணைப்பாளர் வராததால ஒத்திவெச்சோம்."

க்ளென் சுவர் பக்கம் திரும்பி இருமினான்.

எல்மர் என்ற பெயர் எங்கிருந்து முளைத்தது என்பதுதான் அடுத்த கேள்வி. அறக்கட்டளைக்கு அனுப்பிய முதல் விண்ணப்பத்தைப் பெர்பெதுவா எடுத்துக் கொடுத்தாள். அதில் யாருக்குக் கீழே யார் என்று காட்டும் ஒரு வரைபடம், வரைபடத்தில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் 'எல்மர் ஃபெய்த்'. விண்ணப்பத்தைத் தயாரித்தது பெர்டில். அந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தார் என்று ஹெஸ்டர் அங்கிருந்தே தொலைபேசியில் கேட்டாள். படிவத்தில் ஏற்கெனவே இருந்தது, மாற்றினால் அறக்கட்டளைக்காரர்கள் மனம் கோணுமோ என்று விட்டுவிட்டேன் என்றார் அவர்.

மீதியைக் கட்டிடமே பார்த்துக்கொண்டது. வரைபடத்தில் பெயரைப் பார்த்த கணினிப் பிரிவு மின்னஞ்சல் திறந்து கொடுத்தது. கட்டிடப் பிரிவு அறை ஒதுக்கியது. அறை எண் B-04.

"பாஸ், அது நம்ம பக்கத்து ரூம்" என்றான் க்ளென்.

"அது சைக்கிள் பம்ப் வைக்கிற அலமாரிடா."

"பம்ப் இரவல் கேட்கப் போகும்போதெல்லாம் பூட்டித்தான் இருக்கும். உள்ள ஆள் வேலை செய்யறார்னு யார் கண்டா."

கீழே வந்தார்கள். B-04 பூட்டியிருந்தது. சாவி வாங்கி வருகிறேன் என்று போன க்ளென் அரை நிமிஷத்தில் சாவியோடு வந்து நின்றான்.

உள்ளே பம்ப் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை, ஒரு விளக்கு, சுவர் ஓரமாக இடுப்பு உயரத்துக்குச் சாட்சியப் பிரதிகள். பக்கங்களில் கலர் கலராகத் துண்டுச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. யாரோ இதைப் படித்திருக்கிறார்கள். அதுவும் மேலோட்டமாக அல்ல.

மேஜைத் தட்டில் பிரித்த கடிதம் ஒன்று கிடந்தது. மொழிபெயர்ப்பாளர் தட்டச்சு செய்த தாள் அதோடு இணைத்திருந்தது. ஸ்டோயான்கா என்ற பெண் எழுதியது.

'அன்புள்ள எல்மர், உங்கள் பதில் வந்தது. கையுறை பற்றி நீங்கள் எழுதிய பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டு வெசெலா வந்து பார்த்துவிட்டு, தானும் உங்களுக்கு எழுதிவிட்டதாகச் சொன்னாள். அவளுக்கு இரண்டு மகன்கள். தயவுசெய்து அவளுக்கும் பதில் போடுங்கள். இல்லை என்று பதில் வந்தாலும் பரவாயில்லையாம். வந்தால் போதுமாம்.'

ஹெஸ்டர் அதை இரண்டு முறை படித்தாள். காலையில் அவள் தேடக் கிளம்பியது ஒரு மோசடிக்காரனை. இப்போது அந்த ஆள் அகப்பட வேண்டுமே, நாலு மணிக்குள் அகப்பட வேண்டுமே என்று அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். வெசெலாவின் கடிதம் தட்டில் இல்லை. மேலே பாக்கிக் கடிதங்களின் பெட்டியில் இருக்க வேண்டும்.

"இல்லாத ஆளு பரவாயில்லாம எழுதறான்" என்றாள்.

க்ளென் பம்பைக் கையில் எடுத்து, காற்று வருகிறதா என்று பார்த்தான்.

மூன்றாவது மாடியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். ரொட்டியும் மோருமாக உட்கார்ந்திருந்தவர்களிடம் ஹெஸ்டர் ஒவ்வொருவராகக் கேட்டாள். எல்மரைத் தெரியாது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மூன்று வருஷம் ஒரே திட்டத்தில் இருந்துவிட்டு, சக ஊழியரைத் தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வது? ஒருவருக்கு அவர் உயரமானவர், தாடி உண்டு. இன்னொருவருக்குக் குள்ளம், மழித்த முகம். சட்ட ஆலோசகர் ஒருவர், எல்மரும் தானும் ஷெவனிங்கன் கடற்கரையில் மீன் சாப்பிட்டதாகவே சொன்னார். மீனுக்கு யார் காசு கொடுத்தது என்று க்ளென் கேட்டதும், அவருக்குப் போக வேண்டிய ஒரு கூட்டம் ஞாபகம் வந்துவிட்டது.

செயலாளர் லீஸ்பெத்தான் கொஞ்சம் கோபப்பட்டாள். "அவர் இல்லவே இல்லேன்னு சொல்றீங்களா? நான் அவர் கேக்கைச் சாப்பிட்டிருக்கேன்."

வெளியூர்க்காரர்களுக்கு இது ஆதாரமாகத் தெரியாது. ஹேக் நகரத்தில் இதற்கு மேல் ஆதாரம் கிடையாது. இந்த ஊரில் பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டு வந்து ஊருக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவனை ஒரு வருஷம் பேசுவார்கள். கொடுத்தவனைப் பற்றி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எல்மரின் கேக் மூன்று வருஷமும் தவறாமல் தேநீர் மேஜைக்கு வந்தது. 'வேலையாக வெளியே போகிறேன், எல்லோரும் சாப்பிடுங்கள்' என்ற சீட்டோடு வந்தது. எல்லோரும் ஒருவருக்கொருவர் கை கொடுத்து வாழ்த்திக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"என்னிக்குப் பிறந்தநாள்?"

"மார்ச் பதினாலு. காலண்டர்ல இருக்கே" என்றாள் லீஸ்பெத். இந்த ஊரில் பிறந்தநாள் காலண்டர் கழிவறைக் கதவின் உட்புறம்தான் தொங்கும். உட்கார்ந்தவர் கண்ணில் படாமல் போகாது. "அவர் கையாலயே எழுதியிருக்கார். பெண்கள் கழிவறையில."

"ஆண்கள் கழிவறையில" என்று திருத்தினார் பெர்டில்.

"நான் தினமும் பார்க்கறேன்."

"நானும்தான்."

இருவரும் முறைத்துக்கொண்டார்கள். ஹெஸ்டர் பெண்கள் பக்கம் போய்ப் பார்த்தாள். மார்ச் பதினாலு, எல்மர். பிறகு கதவைத் தட்டிவிட்டு ஆண்கள் பக்கம் போய்ப் பார்த்தாள். அதே மார்ச் பதினாலு, அதே கையெழுத்து, அதே எல்மர்.

வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். அவரவர் பிறந்தநாளை அவரவர் போகிற கழிவறையில்தான் எழுதுவார்கள். இரண்டிலும் எழுதினவன், இரண்டுக்கும் போக உரிமை உள்ளவன்.

"துப்புரவு ஆட்கள்" என்றான் க்ளென் உடனே.

நல்ல யோசனைதான். ஆனால் துப்புரவு நிறுவனம் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிவிடும். மூன்று மார்ச் மாதம் கேக் கொண்டு வர அங்கே யாரும் இருந்ததில்லை.

"என்ன கேக் அது?" என்று ஹெஸ்டர் லீஸ்பெத்திடம் கேட்டாள்.

லீஸ்பெத்தின் முகம் மலர்ந்தது. கடையில் கிடைக்கிற கேக் இல்லையாம். மரவள்ளிக்கிழங்கும் தேங்காயும் துருவிப் போட்டு, ரம்மில் ஊறவைத்த திராட்சை சேர்த்தது. அந்தத் திராட்சைக்காகவே எல்மரின் பிறந்தநாளை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

ஹெஸ்டரின் நாக்கு அவள் மூளையைவிட ஒரு நொடி முந்திக்கொண்டது. ரம் திராட்சை. அவள் அதைச் சாப்பிட்டிருக்கிறாள். மூன்றாவது மாடியில் அல்ல. தன் மேஜையில், காகிதக் கைக்குட்டையில் வைத்து. மேலே யாருக்கோ பிறந்தநாளாம் பாஸ், உங்களுக்கும் ஒரு துண்டு எடுத்துட்டு வந்தேன்.

அவள் திரும்பினாள். க்ளென் அங்கே இல்லை.

தீயணைப்பு உருளைக்கு மேலே சுவரில் ஒரு பட்டியல் மாட்டியிருந்தது. மாடிக்கு ஒரு அவசரகாலப் பொறுப்பாளர். பயிற்சி மணி அடித்தால் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு எல்லா அறையையும், இரண்டு கழிவறையையும் பார்த்து ஆட்களை வெளியேற்ற வேண்டியவர். எல்லாப் பூட்டுக்கும் அவரிடம் சாவி உண்டு. மூன்றாவது மாடிக்கு யாரும் முன்வராததால் அடித்தளத்துப் பொறுப்பாளரே அதையும் கவனித்துக்கொள்வார் என்று எழுதியிருந்தது. பக்கத்திலிருந்த புகைப்படத்தில் க்ளென் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

காவலரிடம் போய்ச் சாவி வாங்கி வர ஐந்து நிமிஷமாவது ஆகும். அவன் அரை நிமிஷத்தில் வந்தான். அதை அப்போதே கவனிக்காத தன் மண்டையில் குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

பெர்பெதுவாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு தேதி கேட்டாள். க்ளென் ஜான்கிபெர்சாத் பிறந்தது மார்ச் பதினாலு.

படியில் இறங்கும்போது ஹெஸ்டருக்கு வந்தது கோபம் அல்ல, வெட்கம். ஆறு வருஷமாக எதிர் மேஜை. ஊரில் உள்ளவனின் இரகசியமெல்லாம் தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கிறவனின் பிறந்தநாள் தெரியாது. அவர்கள் இருந்த அடித்தளத்தில் கழிவறையும் இல்லை, காலண்டரும் இல்லை. அவன் தன் பிறந்தநாள் கேக்கை இன்னொருவன் பெயரில் மூன்றாவது மாடி வரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

மணி மூன்று இருபது. க்ளென் B-04-இல் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"திராட்சையில."

"அப்பவே நினைச்சேன், வெறும் வெண்ணெய் கேக்கா போட்டிருக்கணும்னு."

அவள் சிரிக்கவில்லை. அவனும் அதற்கப்புறம் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் B-04 பெயருக்குக் கடிதங்கள் வந்து கதவருகே குவிந்தன. எடுக்க ஆள் இல்லை. தீப்பிடித்தால் ஆபத்து என்று பொறுப்பாளராகத்தான் அதைத் திறந்தான். ஒரு கடிதத்தைப் படித்தான். பதில் இருக்கிறதா என்று பிரதியைப் புரட்டினான். இருந்தது. தெரிந்த பதிலை எப்படிச் சொல்லாமல் இருப்பது? எழுதினான். மறுநாள் பதினொரு கடிதம் வந்தது. கணினிப் பிரிவு அனுப்பிய எல்மரின் கடவுச்சொல்லும் அந்தக் குவியலிலேயே இருந்ததால் மின்னஞ்சலுக்கும் பதில் போட்டான். காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்தான், சாப்பாட்டு வேளையையும் கொடுத்தான். யாராவது எல்மர் யார் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம் வந்தபோது கேக் செய்தான்.

"எதுக்குடா சொந்தப் பிறந்தநாளை எழுதின?"

"பொய் சொன்னா ஞாபகம் வெச்சுக்கணும் பாஸ். நிஜம்னா தானா ஞாபகம் இருக்கும். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க."

அப்புறம் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்க மாமா ஒருத்தர் படகுல போனவர் திரும்பி வரல. எங்க அம்மா எங்க ஊரு பரமரிபோ துறைமுகத்துக்கு ஒரு கடிதம் போட்டாங்க. பத்தொன்பது வருஷம் தபால்காரனைப் பார்த்தாங்க. இல்லைன்னாவது எழுதியிருக்கலாம்."

ஹெஸ்டருக்கு எதிரே இரண்டு வழி இருந்தது. இல்லாத ஆளாக நடித்து மன்றத்தின் பெயரில் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதியவனைப் பிடித்துவிட்டேன் என்று அறிக்கை எழுதலாம். அவன் வேலை போகும், பெட்டிகள் கிடங்குக்குப் போகும். அல்லது யாரும் அகப்படவில்லை என்று எழுதலாம். அப்போதும் பெட்டிகள் கிடங்குக்குத்தான் போகும். எப்படிப் பார்த்தாலும் வெசெலாவுக்குத் தபால் இல்லை.

"நீ இங்கயே இரு. மேல வராதே. நான் ஏதாவது செய்யறேன்" என்றாள். என்ன செய்வது என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

நாலு மணி அடித்தபோது, மேலே பெர்டில் ஏற்கெனவே ஏதோ செய்திருந்தார். கூட்ட அறையில் அவருக்குப் பக்கத்தில் ஒருவர் கழுத்துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்துப்பட்டி பெர்டிலுடையது. உள்ளே இருந்தவர் காப்பி இயந்திரம் பழுதுபார்க்க வந்தவர்.

"எல்மர் ஃபெய்த்" என்று ரக்னில்டுக்கு அறிமுகப்படுத்தினார் பெர்டில்.

ரக்னில்ட் அறுபது வயதுப் பெண். கம்பளிச் சட்டை, நனைந்த காலணி. எல்மரின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினாள். அவள் முன்னால் ஒரே ஒரு தாள். ஸ்டோயான்காவுக்குப் போன பதிலின் நகல்.

"ஒரே கேள்விதான். இந்த அம்மா கேட்டது, புருஷன் பேரை யாராவது சொன்னாங்களான்னு மட்டும்தான். நீங்க கையுறையைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க. ஏன்?"

எல்மர் பெர்டிலைப் பார்த்தார். பெர்டில் ஜன்னலைப் பார்த்தார். எல்மர் தனக்குத் தெரிந்ததை நேர்மையாகச் சொன்னார். "பால் வர்ற குழாய் அடைச்சிருக்கு."

ஹெஸ்டர் வாய் திறந்தாள், என்ன வரப்போகிறது என்று தெரியாமலே.

"அவங்க முதல் கடிதத்துல ஒரு வரி இருந்தது" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. க்ளென் நின்றுகொண்டிருந்தான். வராதே என்றால் வந்து நிற்பது அவன் பிறவிக் குணம். "வீட்டை விட்டுப் போகும்போது பழுப்புக் கம்பளிக் கையுறை போட்டிருந்தார், நான் பின்னினதுன்னு. இருநூத்திப் பன்னிரண்டாம் நாள் விசாரணையில ஒரு பஸ் டிரைவர் சாட்சி சொன்னார். கடைசி சீட்ல இருந்தவர் பேர் தெரியாது, என் கை விறைக்கறதைப் பார்த்துத் தன் பழுப்புக் கையுறையைக் கழட்டிக் கொடுத்தார்னு. பேரை யாரும் சொல்லலைங்க. பேரை மட்டும் தேடியிருந்தா, இல்லைன்னு ஒரு வரி எழுதி முடிச்சிருப்பேன்."

ரக்னில்ட் தாளைக் கீழே வைத்தாள். "நீங்க யாரு?"

"எல்மர்" என்றான் க்ளென். "மன்னிக்கணும். அதாவது, அவர் இல்ல. அவர் இல்லவே இல்ல. எல்லாம் நான்தான். இவங்களுக்கு எதுவும் தெரியாது."

பெர்டில் கண்ணை மூடிக்கொண்டார். காப்பி இயந்திரக்காரர் கழுத்துப்பட்டியைக் கழற்றி மரியாதையாக மேஜைமேல் வைத்துவிட்டு வெளியேறினார். ஹெஸ்டர் தன் குறிப்பேட்டை மூடினாள். அவ்வளவுதான், முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

"அவர் இல்லன்னு எனக்கு மூணு வருஷமாத் தெரியும்" என்றாள் ரக்னில்ட். "எல்மர் என் நாய்."

பெர்டில் கண்ணைத் திறந்தார்.

அறக்கட்டளையின் விண்ணப்பப் படிவத்தை வடிவமைத்தது அவள்தான். கட்டங்களை எப்படி நிரப்ப வேண்டும் என்று காட்ட, மாதிரிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. காலடியில் படுத்திருந்த நாயின் பெயரையும் பக்கத்து வீட்டுக்காரரின் குடும்பப் பெயரையும் சேர்த்துப் போட்டாள். உலகத்தில் எழுபது நிறுவனங்கள் அந்தப் பெயரை அழித்துவிட்டுத் தங்கள் ஆளின் பெயரை எழுதின. ஒரு நிறுவனம் மட்டும் எழுதவில்லை.

"என் நாய் வாராவாரம் உங்களோட கலந்து பேசறதைப் படிச்சேன்" என்று அவள் பெர்டிலிடம் சொன்னாள். "எதிர்பார்ப்பை மிஞ்சினதையும் படிச்சேன். அது செத்து அஞ்சு வருஷம் ஆச்சு. உயிரோட இருந்தப்போ செருப்பைக்கூடக் கொண்டு வராது."

பெர்டில் மேஜைமேல் கிடந்த கழுத்துப்பட்டியை எடுத்துக் கட்டிக்கொள்ளத் தொடங்கினார்.

"முதல் அறிக்கையிலயே நிறுத்தியிருப்பேன். ஆனா பதில்களோட நகலும் வந்தது. நாய் இதை எழுதலை, யாரோ எழுதறாங்கன்னு புரிஞ்சது. நிறுத்த மனசு வரல. அந்த யாரோ யாருன்னு பார்க்கத்தான் வந்தேன்." அவள் பையிலிருந்து இரண்டாம் கட்ட ஒப்பந்தத்தை எடுத்தாள். "இதுல ஒருங்கிணைப்பாளர் பேர் எழுதணும். இந்தத் தடவை நிஜப் பேர்."

உடனே பெர்பெதுவா வரவழைக்கப்பட்டாள். வந்ததும் நேர்காணல் குழு, கட்டாய உறுப்பினர், ஒத்திவைப்பு என்று ஆரம்பித்தாள். ஹெஸ்டர் கையை உயர்த்தினாள். அவளுக்கு வழி அப்போதுதான் தெரிந்தது. இருபது வருஷம் இந்த மன்றத்தில் குப்பை கொட்டியவளுக்குத்தான் தெரியும்.

"பெயர்த் திருத்தப் படிவம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு. எழுத்துப் பிழைக்கு."

"அதுக்குக் குழு வேணுமா?"

"வேண்டாம். உள் விசாரணைப் பிரிவு சான்று கொடுத்தாப் போதும்."

ஹெஸ்டர் அங்கேயே அறிக்கையை எழுதினாள். அவள் வாழ்நாளில் எழுதிய அறிக்கைகளிலேயே அதுதான் சின்னது. 'B-04 அறையில் மூன்று வருஷமாகப் பணிபுரிந்த ஒருங்கிணைப்பாளர் கண்டுபிடிக்கப்பட்டார். ஆவணங்களில் பெயர் தவறாகப் பதிவாகியுள்ளது. எல்மர் ஃபெய்த் என்பதை க்ளென் ஜான்கிபெர்சாத் என்று திருத்தவும்.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதில் அவளுக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம்.

க்ளென் ஒப்பந்தத்தில் தன் பெயரை எழுதினான். கட்டம் சின்னது, பெயர் நீளம். கடைசி இரண்டு எழுத்து கோட்டைத் தாண்டிப் போனது.

"பாஸ், அப்ப நான் உங்ககிட்டேருந்து போறேனா?"

"மூணு மீட்டர் தள்ளிப் போற. முதல்ல வெசெலாவோட கடிதத்தைப் பெட்டியிலேருந்து எடு."

அவன் ஏற்கெனவே எடுத்திருந்தான். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். ஒரு மகனைப் பற்றிப் பதில் கிடைத்துவிட்டதாகச் சொன்னான். இன்னொருவனுக்கு இனிமேல்தான் தேட வேண்டும். அன்று மாலையே போய்த் தேட ஆரம்பித்தான்.

ஐந்து மணிக்கு ஹெஸ்டர் பேனாவோடு மூன்றாவது மாடிக்கு ஏறினாள். பெண்கள் பக்கக் காலண்டரில் மார்ச் பதினாலுக்கு நேரே க்ளென் என்று எழுதினாள். பிறகு ஆண்கள் பக்கம் கதவைத் தட்டிவிட்டுப் போனாள். பெர்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் எழுதுவதை ஈர முகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்மர் பேரை அடிக்கலையா?"

"எதுக்கு? அவருக்கு இன்னும் கடிதம் வருதே."

பெர்டில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப மார்ச் பதினாலுக்கு ரெண்டு கேக்கா?"

"ஒண்ணுதான்" என்றாள் ஹெஸ்டர். "இந்தத் தடவை நான் கொண்டு வர்றேன்."

"அது வழக்கம் இல்லையே. பிறந்தநாள்காரர்தானே கொண்டு வரணும்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் பேனாவை மூடினாள். ரம்மில் திராட்சையை எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும் என்று எல்மரிடம்தான் கேட்க வேண்டும்.